கூட வர ஒரு ஆள்

நான் ஜெபம் செய்தால் எங்கள் சபையில் அழாதவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் என் கணவர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினான்கு வருடமாக இதைப் பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என் குரலுக்கு யாரும் அழ மாட்டார்கள். அழுவதெல்லாம் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். புதன்கிழமை மாலை ஆறரைக்குச் சபையின் பின்னறையில் ஜெபக்குழு கூடும். பகல் முழுக்க "அடுத்து யாரு, உள்ள போங்க" என்று வறண்டு கிடந்த குரல் அங்கே போனதும் தேன் தடவிக்கொள்ளும். குழுவில் பன்னிரண்டு பேர். நான்தான் தலைவி. என் கணவர் எனக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

சபை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ஜெபம் வேண்டுபவர்கள் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். அதன் சாவி என்னிடம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பெரிய நோட்டில் தலைப்பு வாரியாக ஏற்றுவேன்: நோய், படிப்பு, திருமணம், வேலை, பிரயாணம், இதர. சீட்டில் இருப்பதை அப்படியே எழுத மாட்டேன். ஜனங்களுக்குச் சுருக்கமாக எழுதத் தெரியாது. மாமியார் சொன்னது, மருமகள் சொன்னது எல்லாம் வரும். நான் அதையெல்லாம் வடிகட்டி, ஜெபிக்க வாகாக ஒரு வரியாக ஆக்குவேன். 'மகன் ராத்திரி வீட்டுக்கு வர்றதில்ல, எங்க போறான்னு தெரியல, பயமா இருக்கு' என்று ஒரு தாய் எழுதியிருந்தால், என் நோட்டில் 'வாலிப மகன் – மனந்திரும்புதல்' என்று இருக்கும். நோட்டில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துவிடுவேன். பிறர் ரகசியம் வெளியே போகக் கூடாது அல்லவா. இந்த ஏற்பாட்டைப் போதகரே மேடையில் பாராட்டியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு வந்த சீட்டுகளில் தையல்காரியுடையது ஒன்று. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியறையில் தனியாக இருந்து துணி தைப்பவள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். கணவர் இறந்து பல வருடம், பிள்ளை இல்லை. சபையில் கடைசிக்கு முந்திய வரிசையில் உட்காருவாள். பாட்டு வந்தால் உதடு அசையும், சத்தம் வராது. உண்மையைச் சொன்னால், அவளைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது: நல்லவள்தான், ஆனால் ஆவியில் அனல் இல்லை. அதற்கு முந்திய மாதம் போதகர், இலை தழைத்துக் கனியில்லாமல் நிற்கும் மரத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது நான் சத்தமாக ஆமென் சொன்னேன். சொல்லிக்கொண்டே, இது யாருக்கெல்லாம் உறைக்க வேண்டுமோ அவர்களையெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவளையும் பார்த்தேன்.

அவள் சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது இது: 'வலது கண்ணில் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். கூட ஒரு பெண் இருந்தால்தான் செய்வார்களாம். யாராவது வர முடியுமா?'

நான் நோட்டை எடுத்து, நோய் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: 'தையல் சகோதரி – கண் அறுவைச் சிகிச்சை – தேவ துணை.' எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்தேன்.

அது என்ன கேட்கிறது என்று எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க, தனியா வராதீங்க" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வது என் வேலை. துணைக்கு ஆள் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து எது வந்தாலும் அது ஜெபக் குறிப்பு என்று என் கை பழகிவிட்டது. வேறு எதுவாகவும் அது இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை அவளும் வந்திருந்தாள். வழக்கமாக ஜெபக்குழுவுக்கு வருபவள் இல்லை. வலது கண்ணை அடிக்கடி மூடித் திறந்துகொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். அவள் வந்ததும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் எதிரிலேயே இருந்தால் வார்த்தை தானாக வரும். அவளை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கை வைத்து, முக்கால் மணி நேரம் விடாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, நீரே இவளோடு கூடச் செல்லும், நீரே அருகில் இரும், மனுஷர் கைவிட்டாலும் நீர் கைவிடாதிரும்" என்றேன். அறையில் ஒரு கண் பாக்கியில்லாமல் கலங்கிற்று. அவளும் ஆமென் சொன்னாள்.

எல்லாரும் செருப்பு மாட்டும்போது அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். போகவும் இல்லை, பேசவும் இல்லை. ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நானும் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"தைரியமா போம்மா. ஜெபிச்சாச்சு. எல்லாம் அவர் பாத்துப்பார்."

"சரிக்கா," என்றாள். பிறகு, "காலைல எட்டு மணிக்குக் கிளம்பணும்," என்றாள்.

"எட்டு மணிக்கு நான் ஜெபத்துல இருப்பேன்," என்றேன். அப்படியே இருந்தேன், அது பொய்யில்லை. காப்பி ஆறிப்போகிற அளவுக்கு இருந்தேன்.

வியாழன் பத்தரை மணிக்கு அவளிடமிருந்து மூன்று தடவை அழைப்பு வந்திருந்தது. மேசையில் கூட்டம், போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். மதியம் பார்த்தபோது, நன்றி சொல்லக் கூப்பிட்டிருப்பாள் என்று முடிவு செய்துகொண்டு, 'ஜெபத்தில் தாங்குகிறோம்' என்று ஒரு செய்தி அனுப்பினேன், கூப்பிய கைகளின் படத்தோடு. அந்த வாசகம் என் போனில் தயாராகவே இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலை மடித்துக்கொண்டே, இன்றைக்கு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் தையல்காரியின் கண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"அந்தம்மாகிட்ட பேசினியா?"

"எதுக்குப் பேசணும்? விசுவாசத்துல சொல்றேன்."

"ஆபரேஷன் நடந்துச்சான்னு கேக்கறதுக்குக்கூட போன் பண்ணக் கூடாதா உங்க விசுவாசத்துல?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது," என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் அவரிடம் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

சாட்சி நேரம் வந்தது. எழுந்து ஒலிவாங்கியை வாங்கினேன். புதன்கிழமை ஜெபத்தின் வல்லமையை விவரித்தேன். வியாழக்கிழமை நம் சகோதரி தனியாகப் போகவில்லை, கர்த்தரே கூடப் போனார், மருத்துவர்களின் கைகளை அவரே நடத்தினார், இன்று அவள் சுகமாக இருக்கிறாள் என்றேன். சபை முழுக்கக் கைதட்டியது. அப்போதுதான் முன்னால் இருந்த சில தலைகள் பின்பக்கம் திரும்பின. நானும் பார்த்தேன். கடைசிக்கு முந்திய வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கட்டு இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை, ஒன்றுமே இல்லை. வலது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் என்னைப் பார்த்தாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. பேச்சு பாதியில் நின்றுவிட்டது. போதகர் அவளைப் பார்த்து, "என்ன சிஸ்டர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். சபையே அவளைப் பார்த்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் பதினான்கு வருடமும் சீட்டுக்கட்டு வீடு மாதிரி சரிந்திருக்கும்.

அவள் எழுந்து நின்றாள். "ஸ்தோத்திரம் பாஸ்டர்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் கைதட்டினார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய்ச் சபையின் மாடிப்படிக்குக் கீழே அவளைப் பிடித்தேன்.

"என்னம்மா ஆச்சு? ஆபரேஷன்?"

"பண்ணலக்கா. கூட ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கோபமாகப் பார்த்திருந்தாலாவது தாங்கியிருக்கலாம். அவள் எனக்காகக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரில, நாளைக்கே யாரையாவது கூட்டிட்டு வாங்க, தள்ளிப் போடாதீங்கன்னாங்க," என்றாள். "தெரிஞ்ச ரெண்டு கஸ்டமர்கிட்ட கேட்டேன். ஒருத்தங்க ஊர்ல இல்ல. இன்னொருத்தங்க பொண்ணுக்குப் பரீட்சை. அப்புறம் சனி, ஞாயிறு லீவு. நாளைக்கு மறுபடியும் தேதி குடுத்திருக்காங்க."

"யார் வர்றா?"

"இன்னும் யாரும் இல்லக்கா."

"நான் வரேன்," என்றேன். வெட்கத்தில் சொன்னேன், அன்பில் இல்லை. அன்பு என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அன்றைக்கு இருந்தது வெட்கம்தான்.

"காலைல தலை பின்னக்கூட முடியல," என்றாள் அவள். "கண்ணாடில மூஞ்சி நடுவுல கறுப்பா தெரியுது. வியாழக்கிழமை ஓரத்துலதான் இருந்துச்சு."

திங்கட்கிழமை மருத்துவமனையில் ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டினாள். நோயாளிக்கு நான் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். சபையில் எல்லாரும் சகோதரிகள்தான், அதை வாய் கூசாமல் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் அதை எழுதக் கை வரவில்லை. 'தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பச்சை அங்கி மாட்டி அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பழக்க தோஷம், என் கை தானாக அவள் தலையை நோக்கிப் போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, பையைப் பத்திரமா வச்சுக்கோங்க. வீட்டுச் சாவி அதுலதான் இருக்கு. தண்ணித் தொட்டி நிறைஞ்சா கீழ் வீட்டுக்காரங்க திட்டுவாங்க, மோட்டாரை நிறுத்திட்டேனான்னு ஞாபகம் இல்ல. சுவிட்ச் வெளிய படிக்கட்டுக்கிட்டதான் இருக்கு."

உயர்த்திய கையால் பையை வாங்கிக்கொண்டேன். கணவருக்குப் போன் செய்து மோட்டாரைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்திவிட்டேன் என்றார். அன்றைக்கு உருப்படியாக நடந்த முதல் காரியம் அதுதான்.

இரண்டரை மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். வயதில் சின்னவர், களைத்திருந்தார்.

"சவ்வை ஒட்ட வச்சாச்சு. உள்ள ஒரு வாயு நிரப்பியிருக்கோம். அது சவ்வை அழுத்திப் பிடிக்கணும்னா ஒரு வாரம் குப்புறதான் இருக்கணும். உக்காந்தாலும் முகம் தரையைப் பாக்கணும். கூட ஆள் இருந்தே ஆகணும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து."

"பார்வை வந்துடும்ல டாக்டர்?"

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்தார். "போன வாரம் பாத்தப்போ நடுப்பகுதி ஒட்டித்தான் இருந்துச்சு. இப்ப அதுவும் பிரிஞ்சுடுச்சு. ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை, ஊசில நூல் கோக்கற அளவுக்கெல்லாம், பழையபடி வராது. அவங்க இன்னொரு கண்ணும் சின்ன வயசுலேர்ந்தே மங்கல்தானாமே?"

"வியாழக்கிழமையே பண்ணியிருந்தா?"

"வித்தியாசம் இருந்திருக்கும்," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட ஒரு ஆள், நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார ஒரு ஆள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் வேலைக்கு ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் அறையிலேயே தங்கினேன். சின்ன அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், சுவர் முழுக்கக் கொக்கிகளில் பாதி தைத்த உடுப்புகள், ஒவ்வொன்றிலும் அளவு குறித்த தாள். படுத்தால் கட்டிலின் ஓரத்தில் தலையணையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குப்புறப் படுப்பாள். உட்கார்ந்தால் இயந்திரத்தின் மேல் மடித்த துணியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். சாப்பாட்டை ஸ்பூனால் கீழிருந்து ஊட்ட வேண்டும்.

குழுவில் யாரோ என்னைக் காணவில்லை என்று கவனித்து, 'அக்காவுக்காக ஜெபிக்கிறோம்' என்று செய்தி போட்டார்கள். பதினோரு கூப்பிய கைகள் வந்து விழுந்தன. 'ஜெபம் இருக்கட்டும், நாளைக்கு மதியம் யாராவது சாப்பாடு கொண்டுவாருங்கள்' என்று பதில் போட்டேன். ரொம்ப நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். போதகருக்குப் போன் செய்து, நான் சொன்ன சாட்சி பொய், அடுத்த ஞாயிறு அதைச் சபையில் எழுந்து சொல்லப்போகிறேன் என்றேன். "பொய்யின்னு ஏன் சிஸ்டர் சொல்லணும், தகவல் பிழைன்னு சொல்லலாமே," என்றார். இல்லை பாஸ்டர், பொய்தான் என்றேன்.

போதகரிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "ஒட்டிடுச்சாம்" என்று சொல்லி மழுப்பினேன். மூன்றாம் நாள் மதியம் இயந்திரத்தில் தலை சாய்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அந்த நீலச் சட்டைக்காரங்க வந்தா அடுத்த மாசம் தரேன்னு சொல்லுங்க. கை வேலை நிறைய இருக்கு அதுல. கண்ணு சரியானதும் முதல்ல அதைத்தான் எடுக்கணும்."

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் அவள் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்துச் சொல்கிற விஷயமா அது? அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவிட்டு, இயந்திரத்துக்கு அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில், வெட்டுத் துணிகளின் மேல் மல்லாந்து படுத்தேன். அப்போதுதான் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, மறு கண் என்னைப் பார்த்தது.

"என்னக்கா இது?"

"சட்டையை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்மா," என்றேன். "நடுப் பார்வை திரும்ப வராதாம். வியாழக்கிழமை பண்ணியிருந்தா வந்திருக்குமாம். நீ சீட்டுல எழுதியிருந்த. நான் படிச்சேன். கூட யாராவது வர முடியுமான்னு நீ கேட்டிருந்தது எனக்குத் தெரியும். அதை நோட்டுல தேவ துணைன்னு எழுதிட்டு, சீட்டைக் கிழிச்சுப் போட்டேன். குழுவுல வேற யாருக்கும் தெரியாது. நான் மட்டும்தான்."

என் வாழ்நாளில் நான் ஜோடனை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் முகம் அசையாமல் இருந்தது. பிறகு மூக்கின் நுனியில் தண்ணீர் சேர்ந்து, சொட்டி, என் கன்னத்தில் விழுந்தது. துடைக்க எனக்குக் கை எழவில்லை.

"வாசல்ல நின்னேனே அக்கா," என்றாள். "எட்டு மணிக்குக் கிளம்பணும்னு சொன்னேனே."

"சொன்ன."

"வேற எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க அக்கா," என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் அது என்னைப் பார்க்கப் பிடிக்காத குரல்.

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழக்கப்படி வாயில் வார்த்தைகள் வந்து வரிசை கட்டின: இரக்கங்களின் பிதாவே, நொறுங்கிய இருதயத்தை... அவை அழகாகத்தான் இருந்தன. வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் உள்ளே சத்தமாக அழுதாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். போய் ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை இல்லை, எழுந்து வீட்டுக்குப் போகவும் உரிமை இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஒரு படி இறங்கிற்று. அழுகை நின்றது. போகச் சொல்வாளோ, வேறு யாரையாவது கூப்பிடச் சொல்வாளோ என்று காத்திருந்தேன். சொன்னால் போவதற்குத் தயாராகவும் இருந்தேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அக்கா, மருந்து நேரம் ஆயிடுச்சு," என்றாள். "ரெண்டு பாட்டில்ல எது முதல்லன்னு எனக்குத் தெரியல."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.